அடிமாட்டு விலை

(கடலூர் சிப்காட் தொழிற்பேட்டைத் தொழிலாளர் நடுவே ஆற்றிய உரை, ஏட்டினைப் படிப்போர்க்காக எழுத்து வடிவில்.)



காய்ச்சல் கண்டவர் மருத்துவரிடம் செல்கிறார். மருத்துவர் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்க்கிறார், சீட்டு எழுதித் தருகிறார். மருந்துக் கடையிலே கிடைக்கிறது கேப்சூல் — ஒரு பாதி சிவப்பு, மறு பாதி மஞ்சள், தொட்டால் வழுக்கும் மினுமினுப்பு. விழுங்குகிறார்; காய்ச்சல் தணிகிறது. மருத்துவருக்கு நன்றி கூறுகிறார். குலதெய்வத்துக்குத் தேங்காய் உடைக்கிறார். ஆனால் கசப்பு மருந்தைத் தன்னுள்ளே மறைத்து, தொண்டையைக் கடந்து, வயிற்றிலே போய்க் கரைந்துபோனதே அந்த உறை, அது எதனால் ஆனது என்று கேட்டவர் எத்தனை பேர்?

ஜெலட்டின் என்பது அதன் பெயர். நம் நாட்டிலே அதன் பிறப்பிடம் பெரும்பாலும் எலும்பு. மாட்டின் எலும்பு, எருமையின் எலும்பு. அந்த எலும்பு ஜெலட்டினாக உருமாறும் இடங்களுள் ஒன்று, நாம் இப்போது கூடியிருக்கும் இந்தப் பேட்டை. கடலூரிலிருந்து சிதம்பரம் செல்லும் சாலையோரம், உப்பனாற்றின் கரையிலே, குடிகாடு, பச்சையாங்குப்பம், ஈச்சங்காடு, சங்கொலிக்குப்பம் என்று பெயர் சொல்லும் ஊர்களுக்கு இடையிலே, 1980களில் எழுந்தது இந்தச் சிப்காட் தொழிற்பேட்டை. ஜப்பானிய நிறுவனத்தின் கூட்டுடன் பயனியர் ஜெல்லிஸ் என்ற பெயரில் ஜெலட்டின் ஆலை அமைந்தது இங்கேதான். இபுப்ரூஃபென் என்னும் வலிநீக்கி மருந்தின் மூலப்பொருள் வடிக்கப்படுவதும் இதே பேட்டையில்தான். மருந்தும் இங்கே, மருந்தின் மேலாடையும் இங்கே!

மாட்டிறைச்சி உற்பத்தியின் எதிர்காலம் பற்றிப் பேச வந்தவன் மாத்திரைக் கதை சொல்லுகிறானே என்று எண்ணாதீர்கள். இறைச்சி மாடு என்றால் தட்டிலே விழும் கறித்துண்டு மட்டுமே என்று எண்ணிக் கொண்டிருப்பவர்கள், அந்த மாட்டைப் பாதிதான் பார்த்தவர்கள். மீதிப் பாதி இந்தப் பேட்டையில் கிடக்கிறது. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இராணிப்பேட்டையிலும் தோலாக ஊறுகிறது. நாமக்கல் கோழிப்பண்ணையில் தீவனமாகிறது. கறியைத் தொடமாட்டேன் என்று விரதம் பூண்டவரும் இந்த வாணிபத்துக்கு வெளியே இல்லை.

எலும்பு இங்கே என்ன பாடுபடுகிறது என்று பாருங்கள். நொறுக்கிக் கழுவிய எலும்புத் துண்டுகளை நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் பல நாட்கள் ஊறப் போடுகிறார்கள். எலும்பின் கடினம் கரைந்து அமிலத்தோடு போய்விடுகிறது. எஞ்சுவது ரப்பர் போல வளையும் ஒரு பொருள். அதற்கு ஒசீன் என்று பெயர். அந்த ஒசீனைச் சுண்ணாம்பு நீரில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் ஊறவைத்து, பின் கழுவி, வெந்நீரில் படிப்படியாகச் சூடேற்றி வடித்தால் ஜெலட்டின். கரைந்து போன கடினம் வீணாகிறதா? இல்லை. அந்த நீரிலே சுண்ணாம்பைச் சேர்த்தால் அடியிலே படிகிறது டைகால்சியம் பாஸ்பேட். அது கோழித் தீவனத்தில் சேருகிறது. கோழி முட்டை இடுகிறது. முட்டை எங்கெல்லாம் போகிறது என்று நான் சொல்ல வேண்டுமா?

இன்னும் ஒன்று சொல்கிறேன், வேடிக்கைக்காக அல்ல. திரைப்படச் சுருளிலே ஒளியைப் பிடித்து வைக்கும் வெள்ளி உப்புகளைத் தாங்கி நின்றதும் ஜெலட்டின்தான். உதகையிலே 1960இல் தொடங்கப்பட்டு, இன்று மூடிக் கிடக்கும் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை சுருள் செய்த காலத்திலும், அதற்கு முன்னும், நாம் கைதட்டி விசிலடித்து மகிழ்ந்த கதாநாயகர்களும், கண்ணீர் விட்டுக் கும்பிட்ட அம்மன் வேடங்களும், பக்திப் படங்களில் பால் சொரிந்த காமதேனுவும், எல்லாம் எலும்புப் பசையின் மேல் பதிந்த நிழல்கள்! அன்று எவர் மனமும் புண்படவில்லை. தெரியாதவரையில் புண்ணில்லை போலும்.

அந்த எலும்பு எங்கிருந்து வருகிறது? அறுவைக் கூடத்திலிருந்து வருகிறது. செத்து விழுந்த மாட்டிலிருந்தும் வருகிறது. செத்த மாட்டை இழுத்துச் செல்வது யார், தோலை உரிப்பது யார், எலும்பைப் பொறுக்கி மூட்டை கட்டுவது யார்? நாட்டின் எந்த மூலைக்குச் சென்று கேட்டாலும் விடை ஒன்றே. ஊரின் கடைசித் தெருவுக்கும் அப்பால், சேரி என்று ஒதுக்கி வைத்த இடத்திலே வாழ்பவர்கள். கசாப்புத் தொழிலைப் பரம்பரையாகச் செய்து வரும் எளிய இசுலாமியக் குடும்பங்கள். 2016 சூலை 11ஆம் நாள் குசராத்தின் உனா நகரத்தில், செத்த மாட்டின் தோலை உரித்த தலித் இளைஞர்களை வண்டியிலே கட்டிவைத்து அடித்தார்கள். அடித்ததைப் படமும் எடுத்தார்கள். அவர்கள் இனத்தார் என்ன செய்தார்கள் தெரியுமா? செத்த மாட்டை இனி நாங்கள் தொடமாட்டோம் என்றார்கள். மாவட்ட ஆட்சியர் அலுவலக வாசலிலே மாட்டுச் சடலங்களைக் கொண்டுவந்து போட்டார்கள். உங்கள் தாயென்றால் நீங்களே அடக்கம் செய்யுங்கள் என்றார்கள். பல நாட்கள் நாறியது, மாடு மட்டுமல்ல.

அங்கே ஒரு கை நின்றால் இங்கே ஒரு கொப்பரை காலியாகும். தோல் வாணிபமும் எலும்பு வாணிபமும் அப்படிப் பின்னிக் கிடப்பவை. 1948இல் சென்னையிலே மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்தை நிறுவினார்கள் என்றால், இந்தத் தொழிலின் அறிவு இந்த மண்ணிலே முன்பே வேர்கொண்டிருந்தது என்பதால்தான். ஆவாரம்பட்டை போட்டுப் பதனிட்ட நம்மூர்த் தோல் கப்பலேறிச் சென்ற காலம் ஒன்று உண்டு. அந்த அறிவுக்குச் சொந்தக்காரர்களுக்கு ஊர்க் கிணற்றிலே தண்ணீர் கொடுத்ததில்லை என்பது வேறு வரலாறு.

இனி, மாட்டை உயிரோடு பார்ப்போம்.

நம் மொழியிலே ஒரு சொல் இருக்கிறது — அடிமாடு. ஏரும் இழுக்காது, பாலும் சுரக்காது, சினையும் பிடிக்காது. அறுப்புக்கு மட்டுமே ஆகும் மாடு. பொருள் மலிந்துபோனால், 'அடிமாட்டு விலைக்குப் போயிற்று' என்கிறோம். ஏன் அது மலிவு? விற்பவனுக்கு வேறு வழியில்லை. வாங்குபவனுக்கு அது தெரியும். மணப்பாறைச் சந்தைக்கோ பொள்ளாச்சிச் சந்தைக்கோ சென்று பாருங்கள். தரகர் துண்டைப் போர்த்திக் கையைப் பிடிப்பார், துண்டுக்குள்ளே விரல்கள் பேசும், விலை முடியும். மாட்டுக்குச் சொந்தக்காரருக்குத் தம் மாடு எத்தனை கிலோ என்பது தெரியாது. வாங்குகிறவருக்கோ கண்ணாலே பார்த்த மாத்திரத்தில் தெரியும். பொள்ளாச்சியிலே கை மாறிய மாடு மலை தாண்டிக் கேரளம் போகிறது. அங்கே அது எடை போட்டு, கிலோ கணக்கில் விற்கப்படுகிறது. இங்கே மதிப்பு, அங்கே எடை. இரண்டுக்கும் நடுவிலே போனது எவ்வளவு, யார் பைக்குப் போயிற்று?

'விற்காதே, வைத்துக் காப்பாற்று' என்பார் பட்டணத்துப் பெரியவர். வைக்கோல் விலை அவருக்குத் தெரியுமா? அறுவடை இயந்திரம் வந்த பிறகு, வீராணத்துப் பாசனத்திலும் சிதம்பரம் வட்டாரத்திலும் வைக்கோல் கட்டுக் கட்டாக உருட்டப்பட்டு லாரி ஏறுகிறது. முன்பு களத்திலே வாரிக்கொண்டு போனதை இப்போது காசு கொடுத்து வாங்க வேண்டும். கறவை நின்ற பசு ஒரு நாளைக்குத் தின்பதைக் கறவை மாட்டின் வாயிலிருந்துதான் பிடுங்கிப் போட வேண்டும். கிழ மாட்டை விற்ற பணம்தான் அடுத்த கிடாரியை வாங்கும் முன்பணம். பால் மாட்டு வளர்ப்பும் இறைச்சி மாட்டு வாணிபமும் இரண்டு தொழில்கள் அல்ல. ஒரே தொழிலின் காலையும் மாலையும்.

இதை நான் சொல்லவில்லை, கணக்கு சொல்கிறது. 2019இல் எடுத்த 20ஆவது கால்நடைக் கணக்கெடுப்பைப் புரட்டுங்கள். 2012க்கும் 2019க்கும் இடையில் இந்தியாவிலே பசுக்களின் எண்ணிக்கை 18 விழுக்காடு கூடி, 14 கோடியே 51 இலட்சம் ஆயிற்று. அதே காலத்தில் காளையும் எருதும் ஏறத்தாழ 30 விழுக்காடு குறைந்துபோயின. பிறப்பிலே ஆணும் பெண்ணும் சரிபாதி. பின் ஆண் எங்கே மறைந்தது? உழவுக்கு டிராக்டர் வந்தது. வண்டிக்கு மினி லாரி வந்தது. சினைக்கு ஊசி வந்தது. காளைக் கன்றுக்கு வேலை போயிற்று. வேலை போனதோடு, விலையும் போகுமாறு சட்டமும் வந்தால், அதன் வாய்க்கு யார் பால் விடுவார்? தாய்மடியை ஒரு வாய் சப்பவிட்டுப் பிடித்துக் கட்டுவார்கள்; சில நாட்களில் கன்று தானே சாகும். கொல்லவில்லை அல்லவா? பாவம் இல்லை அல்லவா? இதைவிடக் கொடிய கொலை எது என்று நெஞ்சைத் தொட்டுக் கேட்டுப் பாருங்கள்.

சட்டத்தின் கதை நீண்டது; சுருக்கிச் சொல்கிறேன். 1958இல் இயற்றப்பட்டது தமிழ்நாட்டுக் கால்நடைப் பாதுகாப்புச் சட்டம். பத்து வயது கடந்து, வேலைக்கும் இனப்பெருக்கத்துக்கும் ஆகாத மாட்டை, அதற்குரிய அலுவலரின் சான்று பெற்று அறுக்கலாம் என்றது அது. அறிவுக்குப் பொருந்திய சட்டம். அதே ஆண்டில் உச்சநீதிமன்றமும், முகமது அனீப் குரேசி வழக்கிலே, பசுவையும் கன்றையும் முழுமையாகத் தடுப்பது செல்லும், ஆனால் பயன் முடிந்த எருதுகளை அறுப்பதைத் தடுப்பது நியாயமான கட்டுப்பாடு ஆகாது என்று தீர்ப்பளித்தது. பின்னர் 1976 ஆகஸ்டு திங்களில் தமிழகத்து அறுவைக் கூடங்களில் பசுவையும் கிடாரியையும் அறுக்கக் கூடாது என்று ஓர் ஆணை பிறந்தது. பிறந்த காலத்தைக் கவனியுங்கள். நெருக்கடி நிலை, சட்டமன்றம் கலைக்கப்பட்டு, மக்கள் தேர்ந்தெடுத்த அமைச்சரவை இல்லாத குடியரசுத் தலைவர் ஆட்சி. நம்மைக் கேட்டுப் பிறந்த ஆணை அல்ல அது. 2005இல் உச்சநீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு குசராத்து வழக்கிலே பழைய தீர்ப்பை மாற்றிற்று: கிழ எருதுக்கும் சாணம் உண்டு, மூத்திரம் உண்டு, எனவே அது பயனற்றதல்ல என்ற வாதம் ஏற்கப்பட்டது. சாணம் எவ்வளவு விற்கும், வைக்கோல் எவ்வளவு செலவாகும் என்று கழித்துப் பார்க்கும் வேலை உழவன் தலையில் விடப்பட்டது.

2017 மே 23ஆம் நாள் ஒன்றிய அரசு ஒரு விதித் தொகுப்பை வெளியிட்டது. சந்தைக்கு வரும் மாடு அறுப்புக்கு விற்கப்படவில்லை என்று எழுதிக் கொடுக்க வேண்டும். வாங்குபவர் உழவர் என்று மெய்ப்பிக்க வேண்டும். ஆறு திங்களுக்கு மறுவிற்பனை கூடாது. எருமைக்கும் அதே விதி. ஒட்டகத்துக்கும் அதே விதி! ஒரே வாரத்தில், மே 30ஆம் நாள், சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. சூலை 11ஆம் நாள் உச்சநீதிமன்றம் அத்தடையை நாடு முழுமைக்கும் நீட்டித்தது. விதிகளை மாற்றி வெளியிடப் போவதாக ஒன்றிய அரசே அங்கே கூற நேர்ந்தது. மதுரையிலே எழுந்த குரல் நாடெங்கும் உழவனைக் காத்தது என்பதில் நமக்குப் பெருமைதான். ஆனால் தடை விதிக்கும் வேட்கை ஓய்ந்துவிடவில்லை. 2015இல் மராட்டியம் எருதையும் சேர்த்துத் தடுத்தது. 2021இல் நம் அண்டை மாநிலமான கருநாடகத்தில், 13 வயது கடந்த எருமை தவிர மாட்டினம் அனைத்துக்குமான தடை நடைமுறைக்கு வந்தது.

தடுத்தார்கள், மாடு பிழைத்ததா? அதே 2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பு, சொந்தக்காரர் இன்றித் தெருவிலே திரியும் மாடுகளை 50 இலட்சம் என்று எண்ணிச் சொன்னது. உத்தரப் பிரதேசத்து உழவர்கள் இரவெல்லாம் வயலிலே கண்விழித்துக் காவல் நிற்பது கள்வனுக்கு அஞ்சி அல்ல. விலை இல்லாமல் அவிழ்த்து விடப்பட்ட மாட்டுக்கு அஞ்சி. அதே உத்தரப் பிரதேசம்தான் எருமை இறைச்சி ஏற்றுமதியிலே முன்னணி மாநிலம்! 2023-24இல் இந்தியா ஏறத்தாழ 13 இலட்சம் டன் எருமை இறைச்சியைக் கப்பலேற்றி, 31,000 கோடி ரூபாய் ஈட்டிற்று. பசுவும் எருதும் ஏற்றுமதிக்குத் தடை. எலும்பு நீக்கிய எருமைக் கறிக்கு அனுமதி. கறி வியட்நாம் போகிறது, மலேசியா போகிறது, அரபு நாடுகளுக்குப் போகிறது. வெள்ளை மாடு தெய்வம், கறுப்பு மாடு டாலர்! தமிழ்நாட்டுக்கு அதில் என்ன பங்கு? நம் எருமைகள் 2012இல் 7 இலட்சத்து 80 ஆயிரம் இருந்தவை, 2019இல் 5 இலட்சத்து 19 ஆயிரமாகத் தேய்ந்துவிட்டன.

இனி விஞ்ஞானத்துக்கு வருகிறேன். எதிர்காலம் என்றால் விஞ்ஞானம் என்றுதானே கூறுகிறார்கள்!

விந்தணுவிலே பெண் கன்று தருவது ஒன்று, ஆண் கன்று தருவது ஒன்று. பெண் தரும் அணுவில் மரபுப் பொருள் ஏறத்தாழ 4 விழுக்காடு மிகுதி. சாயம் ஏற்றி, லேசர் ஒளியிலே ஒவ்வொன்றாக ஓடவிட்டுப் பிரித்துவிடலாம். அப்படிப் பிரித்த உறைவிந்தை ஊசியாகச் செலுத்தினால் நூற்றுக்குத் தொண்ணூறு கன்றுகள் கிடாரிகள். உதகமண்டலத்திலே இதற்கென நிலையம் அமைத்திருக்கிறார்கள். 2024 அக்டோபர் 5ஆம் நாள் மராட்டியத்து வாசிம் நகரிலே, உள்நாட்டிலேயே உருவாக்கிய பிரிப்பு நுட்பத்தையும், மாட்டின் மரபணுவைப் படித்துச் சொல்லும் சில்லினையும் தலைமை அமைச்சர் தொடங்கி வைத்தார். கன்றின் ஒரு துளி இரத்தமோ ஒரு பிடி மயிரோ போதும். அது வளர்ந்தால் எவ்வளவு பால் தரும், எவ்வளவு வளரும் என்று இளமையிலேயே கணித்துவிடலாம். அரிய அறிவு; பாராட்டுகிறேன்.

ஆனால் அதே கருவியை அமெரிக்கப் பால்பண்ணையாளர் எப்படிக் கையாள்கிறார் என்பதைக் கேளுங்கள். தம் பசுக்களில் சிறந்த சிலவற்றுக்கு மட்டும் பெண் கன்று ஊசி; மீதி அனைத்துக்கும் ஆங்கஸ் போன்ற இறைச்சியினக் காளையின் ஊசி. பிறக்கும் கலப்புக் கன்று ஆணாயினும் பெண்ணாயினும், பிறந்த சில நாட்களிலேயே நல்ல விலைக்குப் போகிறது. முன்பு செல்லாக்காசாக இருந்த கன்று இன்று பண்ணையின் இரண்டாவது வருமானம். 2025 சனவரியில் அமெரிக்காவின் மாட்டு எண்ணிக்கை, வறட்சியினாலும் தீவனச் செலவினாலும், 1951க்குப் பின் காணாத அளவுக்குக் குறைந்து 8 கோடியே 67 இலட்சம் ஆனபோது, அந்தக் கன்றுகளின் விலை மேலும் ஏறிற்று. அவர்கள் ஆண் கன்றுக்கு விலை உண்டாக்கினார்கள். நாமோ ஆண் கன்றே பிறக்காமல் இருக்க வழி தேடுகிறோம்! ஒரே லேசர், ஒரே சாயம். ஓரிடத்தில் அது செல்வம் பெருக்கும் கருவி, மற்றோரிடத்தில் சட்டத்தின் வாயிலிருந்து தப்பும் கருவி. எருமைக் கிடாக் கன்றைச் சாகவிடாமல் வளர்த்து இறைச்சிக்கு அனுப்பும் திட்டம் ஒன்று 11ஆவது ஐந்தாண்டுத் திட்ட காலத்திலே தீட்டப்பட்டது என்பதும் நினைவிருக்கட்டும். அந்த அறிவு அன்று இருந்தது. இன்று அதை உரக்கச் சொல்லத் துணிவில்லை.

நம் மாட்டுக்கு இறைச்சியினம் ஆகும் தகுதி இல்லை என்று யாராவது சொன்னால், அவரைப் பிரேசில் நாட்டுக்கு அனுப்பி வையுங்கள். உலகிலேயே மிகுதியாக மாட்டிறைச்சி ஏற்றுமதி செய்யும் நாடு அது. அங்கே 20 கோடிக்கும் மேற்பட்ட மாடுகள். அவற்றில் பெரும்பாலானவற்றின் பெயர் நெலோர். நெலோர் என்பது நம் நெல்லூர்தான்! பழைய சென்னை மாகாணத்து நெல்லூர்ச் சீமையின் ஓங்கோல் இனம் 19ஆம் நூற்றாண்டிலே கப்பலேறிச் சென்றது. 1960களின் தொடக்கத்தில், ஓங்கோலுக்கு அருகே உள்ள கரவடி என்னும் ஊரின் காளை ஒன்று அங்கே போய்ச் சேர்ந்தது. ஊரின் பெயரே காளையின் பெயராயிற்று. பிரேசில் நாட்டு நெலோர் இனத்தின் பெருந்தந்தைகளுள் ஒன்றாயிற்று. அந்த வழியிலே வந்த இனத்தில் வியாட்டினா-19 என்ற பசுவை 40 இலட்சம் டாலருக்கு மேல் மதிப்பிட்டு, உலகின் விலைமிக்க பசு என்று கின்னஸ் ஏட்டிலே பதிந்தார்கள். பிறந்த ஊரில் அந்த இனத்துக் காளைக்குத் துண்டுக்குள் விரல். கடல் கடந்த ஊரில் கோடிக்கணக்கில் ஏலம். வெயில் தாங்கும், உண்ணி தாங்கும், காய்ந்த புல்லைத் தின்று கறி வைக்கும் — அந்தக் குணங்களை இந்த மண்தான் கொடுத்தது.

புதுமைகள் இன்னும் உண்டு. மாடு அசைபோட்டு ஏப்பமிடும்போது வெளிவரும் மீத்தேன் காற்றைச் சூடேற்றுகிறது என்று கண்டு, டென்மார்க்கு 2030 முதல் கால்நடை மீத்தேனுக்கு வரி விதிக்க முடிவு செய்துவிட்டது. பெங்களூரிலே உள்ள கால்நடை ஊட்டச்சத்து ஆராய்ச்சி நிலையத்தார், டானின் நிறைந்த தாவரங்களிலிருந்து 'ஹரித் தாரா' என்ற தீவனச் சேர்க்கையைச் செய்து, மீத்தேன் 17 முதல் 20 விழுக்காடு வரை குறைவதாக 2021இல் அறிவித்தார்கள். ஆவாரம்பட்டையில் தோலைப் பதனிட்டது எதுவோ, அதே டானின்தான்! ஆய்வகத்துக் கிண்ணத்தில் கறி வளர்ப்பவர்கள் 2013இல் இலண்டனில் ஒரு துண்டைப் பொரித்துக் காட்டினார்கள். அந்த ஒரு துண்டுக்கு ஆன செலவு இரண்டரை இலட்சம் யூரோ. நம் ஆம்பூர்ப் பிரியாணிக்கு அது வந்து சேர இன்னும் நாள் பிடிக்கும். அந்த ஆம்பூரிலேயே, 2022 மே மாதத்தில் அரசே நடத்த இருந்த பிரியாணி விழாவில் மாட்டுக்கறிப் பிரியாணிக்கு இடமில்லை என்றதும், மாநில ஆதிதிராவிடர் பழங்குடியினர் ஆணையம் மாவட்ட ஆட்சியரிடம் விளக்கம் கேட்டதும் நீங்கள் அறிந்தவை.

'வள்ளலார் வாழ்ந்த மாவட்டத்தில் நின்றுகொண்டா இதைப் பேசுகிறாய்?' என்று ஒரு நண்பர் கேட்டார். வடலூர் இங்கிருந்து தொலைவில் இல்லை. கொல்லாமையைத் தம் வாழ்வாகவே கொண்ட பெரியார் இராமலிங்க அடிகள். அவரை நான் வணங்குகிறேன். அவர் 1867இல் வடலூரிலே தருமசாலையை நிறுவி அடுப்பை ஏற்றினார். வந்தவனிடம் உன் குலம் என்ன என்று கேட்கவில்லை. நேற்று நீ என்ன தின்றாய் என்றும் கேட்டு விரட்டவில்லை. பசியா, உட்கார் என்றார். தம் உள்ளத்து இரக்கத்தால் உண்ணாமல் இருப்பவர் உயர்ந்தவர். பிறர் கையிலிருக்கும் சோற்றைத் தட்டிவிடுகிறவர் எந்தக் கணக்கில் சேருவார்? ஜெலட்டின் வேண்டாம், மரநாரிலிருந்து செய்யும் உறையே எல்லா மருந்துக்கும் போதும் என்ற பேச்சு 2016இல் ஒன்றிய அமைச்சர் ஒருவரிடமிருந்தே எழுந்தது; 2017இல் சுகாதார அமைச்சகம் அதை ஆராயக் குழுவும் அமைத்தது. வேண்டுவோர்க்கு மரநார் உறை கிடைக்கட்டும். நான் குறுக்கே நிற்கவில்லை. அதன் விலை கூடுதல் என்பதையும், அந்தக் கூடுதலைச் செலுத்தப் போகிறவர் அரசு மருத்துவமனை வரிசையில் நிற்பவர் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிட்டுச் செய்யட்டும்.

உங்களிடம், இந்தப் பேட்டைத் தோழர்களிடம், தனியே ஒன்று பேச வேண்டும். எலும்பிலே அறிவு இருக்கிறது, வருவாய் இருக்கிறது என்றேன். அமிலமும் இருக்கிறது, கழிவுநீரும் இருக்கிறது. 2009இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் நாட்டின் தொழிற்பகுதிகளுக்கு மதிப்பெண் போட்டபோது, கடலூருக்கு 77.45 என்று போட்டு, மிகக் கடுமையாக மாசுபட்ட பகுதிகளின் பட்டியலில் சேர்த்தது. எந்த ஓர் ஆலையையும் நான் சுட்டவில்லை; பேட்டை முழுமைக்கும் வந்த மதிப்பெண் அது. குடிகாட்டுத் தாய்மார்கள் குடிநீருக்குப் பட்ட பாட்டையும், உப்பனாற்று மீனவர் வலையில் மீன் குறைந்ததையும் வாரியத்தின் எண் சொல்லிவிடாது. பிணந்தின்னி வேலை என்று இழிவு சொல்லித் தள்ளிய தொழிலை, இன்று ஏற்றுமதித் தொழில் என்று மெச்சுகிறார்கள். மெச்சட்டும். ஆனால் அன்று தோலை உரித்தவனின் கையில் உறை இல்லை. இன்றும் நாட்டின் எத்தனையோ எலும்புக் களங்களில் மூட்டை சுமப்பவனின் கையில் உறை இல்லை. மாட்டின் காதிலே 12 இலக்க எண் பொறித்த மஞ்சள் வில்லை தொங்குகிறது. அதற்கு எப்போது ஊசி போட்டார்கள், எத்தனை முறை ஈன்றது என்பதெல்லாம் கணினியிலே ஏறியிருக்கிறது. அந்தப் பதிவு தேவைதான். 1986இல் இங்கிலாந்திலே பித்த மாட்டு நோய் கண்டறியப்பட்டு, 1996இல் அது மனிதனையும் கொல்லும் என்று தெரிந்த பின், எலும்பின் ஊர் எது என்று கேளாமல் ஐரோப்பா ஜெலட்டினை வாங்குவதில்லை. 2010இல் இந்தியாவுக்கு அந்த நோயின் ஆபத்து புறக்கணிக்கத்தக்கது என்று உலகக் கால்நடை நல அமைப்பு சான்று தந்ததால் நமக்குச் சந்தை இருக்கிறது. மாட்டுக்கு எடுக்கிற இந்தக் கணக்கை, மாட்டெலும்பைத் தொடுகிற மனிதனின் நுரையீரலுக்கும் தோலுக்கும் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆண்டுக்கு ஒரு முறை மருத்துவச் சோதனை, அதன் முடிவு அவன் கையில். இதை எழுதிக் கேளுங்கள்.

1976ஆம் ஆண்டு ஆணையை மறுபார்வை செய்து, 1958ஆம் ஆண்டுச் சட்டத்தின் சான்று முறையையே பசுவுக்கும் கொண்டு வரச் சொல்லி நம் சட்டமன்றத்தைக் கேட்க வேண்டும். சான்று கொடுக்கக் கால்நடை மருத்துவர் வேண்டும். அறுக்கத் தண்ணீர் வசதியும் கழிவு வடிகாலும் உள்ள கூடம் வேண்டும். ஒவ்வொரு மாட்டுச் சந்தையிலும் ஓர் எடைமேடை வேண்டும். செயற்கைக்கோள் வேண்டாம், சில்லு வேண்டாம், ஓர் எடைமேடை! நெல்லை அளந்து விற்கிறோம், பருத்தியை நிறுத்து விற்கிறோம். உழவன் வீட்டின் விலைமிக்க உடைமையை மட்டும் ஏன் துண்டுக்குள்ளே விற்க வேண்டும்?

எடைமேடை வரும்வரை, தையற்காரர் வைத்திருக்கும் நாடா ஒன்று போதும். மாட்டின் முன்னங்காலுக்குப் பின்னால் மார்பைச் சுற்றி அளவெடுங்கள், அங்குலத்தில். தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு வரை நீளம் எடுங்கள். மார்புச் சுற்றளவை அதனாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்கி, 660 ஆல் வகுத்தால் உயிரெடை ஏறத்தாழக் கிலோவில் வரும். சுற்றளவு 64, நீளம் 52 என்றால் கணக்கு 322 கிலோவைத் தாண்டும். பள்ளியில் படிக்கும் பிள்ளையிடம் கொடுத்தால் சந்தை வாசலிலேயே போட்டுத் தரும். தரகர் துண்டை எடுப்பதற்கு முன் அந்த எண்ணைச் சொல்லிவிட்டு, பிறகு விரலை நீட்டுங்கள்.